டி.என்.ஏ.வைச் சட்டகமாகக் கொண்ட நானோகம்பி: மின்சாரத்தைக் கடத்துவது எது?

கேள்வி: பாடாங் செராய் ஆசிரியை

அனைவருக்கும் வணக்கம். நான் கெடா மாநிலம் பாடாங் செராயில் ஆறாம் படிவ மாணவர்களுக்கு வேதியியல் கற்பித்து வருகிறேன். ரப்பரும் செம்பனையும் சூழ்ந்த ஊர் என்றாலும், கூலிம் உயர் தொழில்நுட்பப் பூங்கா மோட்டார் சைக்கிளில் போய்வரும் தொலைவில்தான் இருக்கிறது. என் மாணவர்களில் பலருடைய அண்ணன்மாரும் அக்காமாரும் அங்குள்ள சிலிக்கான் தகடு ஆலைகளில் வேலை செய்கிறார்கள். ஆகவே நுண்சில்லு, டிரான்சிஸ்டர் என்ற சொற்கள் எங்கள் பிள்ளைகளுக்குப் புதியவை அல்ல.

தோட்டத்து மண்டபத்தில் நாங்கள் தமிழில் நடத்தும் அறிவியல் வட்டத்தின் அடுத்த உரைக்கு, டி.என்.ஏ. மூலக்கூற்றைச் சட்டகமாக வைத்து உலோகத் துகள்களையும் மிக மெல்லிய கம்பிகளையும் கட்டுவது என்ற பொருளை எடுத்திருக்கிறேன். படிக்கப் படிக்கக் குழப்பம்தான் கூடுகிறது. டி.என்.ஏ. தானே மின்சாரத்தைக் கடத்தும் என்று ஒரு கட்டுரை சொல்கிறது. அது மின்கடத்தாப் பொருள் என்று இன்னொன்று சொல்கிறது. கடத்தாது என்றால் அதன்மீது உலோகம் எப்படி ஒட்டுகிறது, ஒட்டிய உலோகம் உண்மையிலேயே கம்பியாகிறதா என்பதைப் பள்ளி வேதியியல் கொண்டு விளக்க முடியுமா? இந்த முறை வந்தால் கூலிமில் உள்ள, ஒளியைக் கொண்டு தகட்டில் சுற்றுகளை வரையும் ஒளிப்பொறிப்பு இயந்திரங்களுக்கு வேலை இருக்காது என்று ஒரு மாணவன் வகுப்பில் சொன்னான். அதை மறுக்கவும் ஏற்கவும் எனக்குப் போதிய அறிவு இல்லை. இத்துறையில் இருப்பவர்கள் உதவினால் நன்றியுடையவளாக இருப்பேன்.


மறுமொழி: பினாங்கு ஆய்வு மாணவன்

வணக்கம் டீச்சர். முதல் கேள்விக்கு நேரடியாகவே விடை சொல்லிவிடலாம்: நானோகம்பியில் மின்சாரத்தைக் கடத்துவது உலோகம், டி.என்.ஏ. அந்த உலோகம் எங்கே படிய வேண்டும் என்பதைத் தீர்மானிக்கிறது, அவ்வளவுதான். உங்களைக் குழப்பிய கட்டுரைகள் 1999 முதல் 2001 வரை நடந்த ஒரு விவாதத்தின் எச்சங்கள். 1999-இல் ஃபிங்க், ஷோனன்பெர்கர் இருவரும் டி.என்.ஏ. கயிறுகள் நன்றாகவே கடத்துவதாக எழுதினார்கள். 2000-இல் போராத் குழுவினர், குவானைன், சைட்டோசின் என்ற இரண்டு காரங்களை மட்டுமே கொண்ட, பத்து நானோமீட்டர் அளவே நீண்ட இழை குறைகடத்தியைப் போல நடந்துகொள்வதாகக் காட்டினார்கள். 2001-இல் நெதர்லாந்தின் டெல்ஃப்ட் நகரில் டெக்கர் குழுவினர் சுமார் 100 நானோமீட்டர் இடைவெளியில் அளந்தபோது மின்னோட்டமே இல்லை. மிகக் குறுகிய தொலைவில் மின்னூட்டம் தாவிச் செல்ல முடியும், ஒரு சுற்றுக்குத் தேவைப்படும் தொலைவில் டி.என்.ஏ. கடத்தாப் பொருளாகவே இருக்கும் என்று மாணவர்களிடம் சொன்னால் அது தவறாகாது.

உலோகம் எப்படி ஒட்டுகிறது என்பதற்கு, 1998-இல் இஸ்ரேலின் டெக்னியோன் கழகத்தைச் சேர்ந்த பிரவுன், ஐக்கென், சிவான், பென்-யோசெப் ஆகியோர் வெளியிட்ட ஆய்வே இன்றும் சிறந்த பாடம். அவர்கள் எடுத்துக்கொண்டது லாம்டா என்னும் நுண்ணுயிர்த் தின்னி வைரசின் டி.என்.ஏ. அதில் 48,502 கார இணைகள், அதாவது இரட்டை இழையை ஏணிப்படிகள் போல இணைக்கும் காரங்களின் சோடிகள், உள்ளன. ஓர் இணைக்கும் அடுத்த இணைக்கும் இடையே 0.34 நானோமீட்டர் என்பதால் அதன் முழு நீளம் ஏறக்குறைய 16.5 மைக்ரோமீட்டர். தடிமனோ 2 நானோமீட்டர் மட்டுமே. இந்தப் பெருக்கலை மாணவர்களையே செய்யச் சொல்லுங்கள். விடை வந்ததும், ஒரே மூலக்கூறு இவ்வளவு நீளமாக இருக்கிறது என்பதை அவர்கள் நம்பத் தயங்குவார்கள், அந்தத் தயக்கத்திலிருந்து உரையைத் தொடங்கலாம்.

லாம்டா டி.என்.ஏ.வின் இரண்டு முனைகளிலும் 12 காரங்கள் இணை சேராமல் ஒற்றை இழையாக நீட்டிக்கொண்டிருக்கும். சில மைக்ரோமீட்டர்கள் தள்ளி நிற்கும் இரண்டு தங்க மின்முனைகளின்மீது, அந்த முனைகளுக்குப் பொருந்தும் வரிசை கொண்ட குறு இழைகளைக் கந்தகத்தின் வழியே முன்கூட்டியே ஒட்டி வைத்தார்கள். கந்தகத்துக்கும் தங்கத்துக்கும் உள்ள பிணைப்பு வலுவானது. பிறகு லாம்டா டி.என்.ஏ. கலந்த கரைசலை மெதுவாக ஓடவிட்டபோது, நீரோட்டம் இழையை நீட்ட, ஒரு முனை ஒரு மின்முனையையும் மறுமுனை எதிர் மின்முனையையும் பற்றிக்கொண்டது. பாலம் அமைந்துவிட்டது, ஆனால் அதன் வழியே மின்னோட்டம் இல்லை என்பதையும் அவர்கள் அளந்து காட்டினார்கள்.

அடுத்தது உங்கள் பாடத்திட்டத்திலேயே உள்ள வேதியியல். டி.என்.ஏ.வின் முதுகெலும்பில் உள்ள பாஸ்பேட் தொகுதிகள் ஒவ்வொன்றும் எதிர் மின்னூட்டம் கொண்டவை. சாதாரணமாக அவற்றைச் சோடியம் அயனிகள் சமன் செய்திருக்கும். வெள்ளி அயனிக் கரைசலை ஊற்றினால் சோடியம் விலகி வெள்ளி அயனிகள் அந்த இடத்தைப் பிடிக்கின்றன. காரங்களோடும் அவை பிணைகின்றன. அதிகப்படியான வெள்ளியைக் கழுவிவிட்டு, ஹைட்ரோகுவினோன் கொண்டு ஒடுக்கும்போது, இழையை ஒட்டி நின்ற அயனிகள் மட்டும் உலோக வெள்ளியின் சிறு கொத்துகளாகின்றன. மீண்டும் வெள்ளி அயனியும் ஹைட்ரோகுவினோனும் சேர்ந்த கரைசலை ஊற்றினால், ஏற்கெனவே உள்ள கொத்துகள் வினையூக்கிகளாகச் செயல்பட, அவற்றின் மேலேயே புதிய வெள்ளி படிந்து கொத்துகள் ஒன்றையொன்று தொடும் வரை வளர்கின்றன. கறுப்பு வெள்ளைப் புகைப்படத் தகட்டை உருத்துலக்கும் வேதியியல் இதுவேதான். அதே ஹைட்ரோகுவினோன்தான் அங்கேயும் பயன்பட்டது. முடிவில் கிடைத்தது 12 மைக்ரோமீட்டர் நீளமும் சுமார் 100 நானோமீட்டர் அகலமும் கொண்ட வெள்ளிக் கம்பி.

2 நானோமீட்டர் தடிமனுள்ள இழையிலிருந்து 100 நானோமீட்டர் அகலக் கம்பி ஏன் வந்தது என்று உங்கள் மாணவர்கள் கேட்டால், அவர்கள் சரியாகப் புரிந்துகொண்டிருக்கிறார்கள் என்று பொருள். கொத்துகள் ஆங்காங்கே தொடங்கி, எல்லாத் திசைகளிலும் வளர்கின்றன. இடைவெளி மூடும்போது அவை பக்கவாட்டிலும் பருத்துவிடுகின்றன. அந்தக் கம்பியும் ஓமின் விதிக்குக் கட்டுப்படவில்லை. குறைந்த மின்னழுத்தத்தில் மின்னோட்டமே இல்லாத ஒரு பகுதி இருந்தது. கொத்துகளுக்கு இடையே விட்டுப்போன இடைவெளிகளே அதற்குக் காரணமாக இருந்திருக்க வேண்டும் என்று நினைக்கிறேன்.

பின்னர் நிலைமை மேம்பட்டது. ஜெர்மனியின் டிரெஸ்டனில் 2001-இல் பல்லேடியம் கொண்டு நன்கு கடத்தும் கம்பிகளைச் செய்தார்கள். 2002-இல் டெக்னியோன் குழுவைச் சேர்ந்த கெரென் முதலானோர் இன்னும் நுட்பமான ஒன்றைச் செய்தார்கள். அவர்கள் டி.என்.ஏ.வின்மீது ஆல்டிஹைடு தொகுதிகளை ஏற்றி, வெள்ளியை ஒடுக்கும் வேலையை அந்த ஆல்டிஹைடுகளிடமே விட்டுவிட்டு, அதன் பின் தங்கத்தைப் படியவைத்தார்கள். ஆல்டிஹைடு வெள்ளி அயனியை ஒடுக்குவது என்றால் நம் டோலன்ஸ் சோதனைதான். அதோடு, ரெக்-ஏ என்னும் புரதத்தை வரிசையறிந்து ஒரு குறிப்பிட்ட இடத்தில் மட்டும் போர்த்தி, அந்த இடத்தில் உலோகம் படியாமல் காத்தார்கள். கம்பி வேண்டிய இடத்தில் கம்பியும், இடைவெளி வேண்டிய இடத்தில் இடைவெளியும் கிடைத்தன. அந்தத் தங்கக் கம்பி ஓமின் விதிப்படி நடந்தது. அதன் தடைத்திறன் சாதாரணத் தங்கத்தைவிட ஏழு மடங்கு அளவே கூடுதல். 2003-இல் அதே குழு, அப்படி விடப்பட்ட இடத்தில் ஒரு கார்பன் நானோகுழாயைப் புரதங்களின் உதவியால் அமர்த்தி, வேலை செய்யும் டிரான்சிஸ்டர் ஒன்றையே உருவாக்கியது.


மறுமொழி: கூலிம் பொறியாளர்

ஆசிரியை அவர்களுக்கு வணக்கம். நான் தகடு ஆலை ஒன்றில் செயல்முறைப் பொறியாளராக இருப்பவன். உயிரியல் எனக்குத் தெரியாது. உங்கள் மாணவன் சொன்னதற்கு மட்டும் விடை சொல்கிறேன்: ஒளிப்பொறிப்பு இயந்திரங்களுக்கு வேலை போகாது.

முதல் காரணம் மாசு. தம்பி மேலே விவரித்த செய்முறையில் சோடியம், தங்கம் என்ற இரண்டு பெயர்கள் வந்தன. சிலிக்கான் ஆலையில் அந்த இரண்டையும் கேட்டால் எங்களுக்கு வயிற்றைக் கலக்கும். சோடியம் அயனி, டிரான்சிஸ்டரின் ‘வாயில்’ (gate) எனப்படும் பகுதிக்கு அடியிலுள்ள ஆக்சைடு படலத்துக்குள் நகர்ந்து திரிந்து அதன் இயங்கு மின்னழுத்தத்தை மாற்றிவிடும். தங்கம் சிலிக்கானுக்குள் விரைந்து பரவி, எலக்ட்ரான்களைப் பிடித்து வைக்கும் ஆழ்ந்த பொறிகளை உண்டாக்கும். ஆகவே உப்புக் கரைசலில் நனைந்த தகட்டை எங்கள் தூய்மை அறைக்குள் கொண்டுவர எந்த மேற்பார்வையாளரும் அனுமதிக்க மாட்டார்.

இரண்டாவது, மெல்லிய கம்பி என்பதே சிக்கல். அறை வெப்பநிலையில் செப்புக்குள் ஓர் எலக்ட்ரான் மோதலின்றிச் செல்லும் சராசரித் தொலைவு சுமார் 39 நானோமீட்டர். கம்பியின் அகலம் அதற்குக் கீழே போகும்போது எலக்ட்ரான் ஓரங்களிலும், உலோகத்தின் நுண்படிகங்கள் சந்திக்கும் எல்லைகளிலும் இடித்துக்கொண்டே செல்வதால் தடைத்திறன் ஏறுகிறது. முறையாகப் படியவைத்த செப்புக்கே இந்தக் கதி என்றால், கொத்துக் கொத்தாக வளர்ந்து ஒட்டிக்கொண்ட வெள்ளிக்கு என்ன ஆகும் என்று எண்ணிப் பாருங்கள். மூன்றாவதாக, ஒரு சில்லில் நூறு கோடிக் கணக்கான டிரான்சிஸ்டர்கள் இருக்கும்போது, ஒரு குடுவையில் தானாகவே கூடிய அமைப்புகளில் நூற்றுக்குத் தொண்ணூறு சரியாக இருக்கிறது என்பது ஓர் ஆய்வுக் கட்டுரைக்குப் பெருமை, ஓர் ஆலைக்கு நட்டம்.

இதைச் சொல்வதால் நான் இத்துறையை மட்டம் தட்டுவதாக எடுத்துக்கொள்ள வேண்டாம். இன்று மிக முன்னேறிய ஒளிப்பொறிப்பு இயந்திரங்கள் 13.5 நானோமீட்டர் அலைநீளமுள்ள ஒளியைப் பயன்படுத்துகின்றன. அந்த இயந்திரங்களின் விலையைச் சில நாடுகளால்கூடத் தாங்க இயலாது. அதைவிட நுண்ணிய அளவில் பொருள்களைத் தன் இடத்தில் உட்கார வைக்க ஒரு சோதனைக் குழாய் போதும் என்றால், அது சாதாரணச் செய்தி அன்று. ஆனால் ‘இடத்தில் உட்கார வைப்பது’ வேறு, ‘நல்ல கம்பியாக ஆக்குவது’ வேறு. நாளிதழ்கள் இந்த இரண்டையும் ஒன்றாக்கிவிடுகின்றன.


மறுமொழி: ஓய்வு பெற்ற ரப்பர் ஆலைக்காரர்

ஆசிரியை அம்மா, தம்பிமார் இருவருக்கும் வணக்கம். தோட்டத்து ரப்பர் ஆலையின் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். உங்கள் உரையாடலில் எனக்கு ஒரு சந்தேகம் எழுந்திருக்கிறது.

ரப்பர் பாலில் மிதக்கும் துகள்கள் ஒவ்வொன்றின் மேலும் புரதமும் கொழுப்பும் சேர்ந்த ஓர் உறை இருக்கிறது. அந்த உறையின் எதிர் மின்னூட்டம்தான் துகள்களை ஒன்றையொன்று நெருங்கவிடாமல் தள்ளி வைக்கிறது. அம்மோனியா சேர்த்தால் அந்த மின்னூட்டம் காக்கப்பட்டுப் பால் கெடாமல் இருக்கும். பார்மிக் அமிலம் சேர்த்தால் மின்னூட்டம் தணிந்து பால் உறைந்துவிடும். உறைந்த கட்டிப்பாலை மீண்டும் பாலாக்க எந்தக் கெட்டிக்காரனாலும் முடியாது. தங்கத் துகள் கலந்த நீரும் இதே வகையைச் சேர்ந்த கூழ்மம் என்று படித்திருக்கிறேன். அப்படியானால் டி.என்.ஏ. தங்கத் துகள்களை ஒன்று சேர்க்கிறது என்பதும் ஒருவகை உறைதல்தானே? அதில் என்ன பெரிய ஒழுங்கு இருக்க முடியும்? மேலும், டி.என்.ஏ.வும் எதிர் மின்னூட்டம் கொண்டது, தங்கத் துகளும் எதிர் மின்னூட்டம் கொண்டது என்றால், இரண்டும் எப்படி நெருங்குகின்றன?


மறுமொழி: பினாங்கு ஆய்வு மாணவன்

ஐயா, உங்கள் கேள்வி இத்துறையின் நடுநரம்பைத் தொடுகிறது. நான் கம்பிகளைப் பற்றியே எழுதித் துகள்களை விட்டுவிட்டேன். பொறியாளர் அண்ணன் சொன்ன ‘இடத்தில் உட்கார வைப்பது’ முழுமையாக வெற்றி பெற்றது துகள்களில்தான்.

தங்கக் கூழ்மம் பழைய பொருள். ஃபாரடே 1857-இலேயே அதைச் செய்து, அதன் சிவப்பு நிறத்துக்குக் காரணம் மிக நுண்ணிய தங்கமே என்று விளக்கினார். இன்று தங்கக் குளோரைடு அமிலக் கரைசலைக் கொதிக்க வைத்துச் சோடியம் சிட்ரேட் சேர்த்தால் சில நிமிடங்களில் 13 நானோமீட்டர் அளவுள்ள துகள்கள் கிடைக்கின்றன. சிட்ரேட்டின் எதிர் மின்னூட்டம் அவற்றைப் பிரித்து வைக்கிறது. இந்தக் கரைசலில் சாதாரண உப்பைப் போட்டால் நீங்கள் சொன்னபடியே உறைதல் நடக்கும்: சிவப்பு நீலமாகி, பிறகு கருந்தூளாக அடியில் தங்கிவிடும். அது திரும்பாத மாற்றம். இதுவரை ரப்பர் பாலுக்கும் தங்கத்துக்கும் வேறுபாடு இல்லை.

இங்கேதான் சிக்கலும் தொடங்கியது. இரண்டு டி.என்.ஏ. இழைகள் இணைசேர வேண்டுமானால் அவற்றின் பாஸ்பேட்டுகள் ஒன்றையொன்று தள்ளுவதைத் தணிக்க உப்பு வேண்டும். உப்பைப் போட்டாலோ தங்கம் உறைந்துவிடும். இதற்கு விடை, தங்கத்தின் மேற்பரப்பு முழுவதும் கந்தக முனை கொண்ட டி.என்.ஏ. குறு இழைகளை அடர்த்தியாக நட்டுவிடுவது. எதிர் மின்னூட்டமுள்ள இழைகளைத் தங்கம் தள்ளத்தான் செய்கிறது. ஆகவே உப்பைச் சிறிது சிறிதாகப் பல மணி நேரம் கூட்டிக்கொண்டே போகிறார்கள். தள்ளுவிசை மெல்லத் தணியத் தணிய மேலும் மேலும் இழைகள் வந்து அமர்கின்றன. அடர்ந்த உறை அமைந்த பிறகு அதே துகள், முன்பு தன்னை உறைய வைத்த உப்பில் சிவப்பாகவே நிற்கிறது. இப்போது உப்பு அதை உறைய வைக்காது; பொருத்தமான வரிசை கொண்ட இழை வந்தால் மட்டுமே அது இன்னொரு துகளைச் சேரும்.

1996 ஆகஸ்டில் ‘நேச்சர்’ இதழில் அடுத்தடுத்து வந்த இரண்டு ஆய்வுகள் இதை நிறுவின. நார்த்வெஸ்டர்ன் பல்கலைக்கழகத்தின் மெர்கின், லெட்சிங்கர் குழுவினர் 13 நானோமீட்டர் தங்கத் துகள்களின் இரண்டு தொகுதிகளை எடுத்து, ஒவ்வொன்றுக்கும் வெவ்வேறு வரிசை இழைகளைப் பூட்டி, இரண்டையும் இணைக்கும் ஒரு மூன்றாம் இழையைச் சேர்த்தபோது கரைசல் சிவப்பிலிருந்து ஊதாவுக்கு மாறியது. சூடாக்கியபோது இழைகள் பிரிந்து மீண்டும் சிவப்பானது. ஆறவிட்டபோது மறுபடியும் ஊதா. ஐயா, கட்டிப்பாலுக்கும் இதற்கும் உள்ள வேறுபாடு இந்த மீட்சிதான். அதே இதழில் பெர்க்லியைச் சேர்ந்த அலிவிசாட்டோஸ், ஷுல்ட்ஸ் குழுவினர் 1.4 நானோமீட்டர் அளவே உள்ள தங்கக் கொத்துகளில் ஒவ்வொன்றுக்கும் ஒரே ஓர் இழையை மட்டும் பூட்டி, நீண்ட டி.என்.ஏ. ஒன்றின்மீது இரண்டிரண்டாகவும் மும்மூன்றாகவும் வரிசைப்படுத்தினார்கள். முதலாவது மொத்தமாகச் சேர்ப்பது, இரண்டாவது எண்ணி அடுக்குவது. இரண்டு வழிகளும் இன்றுவரை இணையாக வளர்ந்து வருகின்றன.

ஒழுங்கு எங்கே என்று கேட்டீர்கள். 2008-இல் மெர்கின் குழுவும் புரூக்ஹேவன் ஆய்வகத்தில் கேங் குழுவும் தனித்தனியே, டி.என்.ஏ. பூட்டிய தங்கத் துகள்களை உண்மையான படிகங்களாக வளர்த்துக் காட்டினார்கள்: உப்புப் படிகத்தில் அயனிகள் நிற்பதைப் போல, வரிசை தவறாத முப்பரிமாண அடுக்கு. இணைக்கும் இழையின் வரிசையை மாற்றினால் படிகத்தின் அமைப்பே மாறுகிறது.

நிறமாற்றத்துக்கு வருவோம். துகள்கள் நெருங்கும்போது அவற்றிலுள்ள எலக்ட்ரான்களின் கூட்டு அதிர்வுகள் ஒன்றையொன்று பாதிப்பதால், 520 நானோமீட்டர் அருகே இருந்த ஒளி உட்கவர்தல் நீண்ட அலைநீளத்துக்கு நகர்கிறது. இரு துகள்களுக்கு இடையே ஒன்றல்ல, பல இழைகள் பூட்டியிருப்பதால் அவை எல்லாம் ஏறக்குறைய ஒரே வெப்பநிலையில் சேர்ந்தே அவிழ்கின்றன. தனி டி.என்.ஏ. பல பாகை இடைவெளியில் மெல்ல அவிழும். இங்கே அது ஓரிரு பாகைக்குள் நடந்து முடிகிறது. ஒரே ஒரு காரம் பொருந்தாத இழையைக்கூட இந்தக் கூர்மையால் பிரித்தறிய முடிந்தது. நோய்க்கிருமியின் மரபணுவைக் கண்டறியும் சோதனைகள் இதிலிருந்தே பிறந்தன. கம்பி இன்னும் ஆய்வகத்தை விட்டு வெளியே வர முடியாமல் இருக்க, துகள் மருத்துவமனைப் பரிசோதனைக் கூடம் வரை போய்விட்டது. டீச்சர், உங்கள் உரையில் இந்த ஏற்றத்தாழ்வைச் சொல்லாமல் விட வேண்டாம் என்பது என் கருத்து.


மறுமொழி: பாடாங் செராய் ஆசிரியை

மூவருக்கும் மிக்க நன்றி. ரப்பர் பாலிலிருந்து தொடங்கும் விளக்கம் எங்கள் ஊர்ப் பிள்ளைகளுக்கு உடனே புரியும் என்பதால் ஐயாவின் கேள்வியை உரையில் அப்படியே வைக்க விரும்புகிறேன். ஒரு சந்தேகம் மட்டும் மீதம் இருக்கிறது. டி.என்.ஏ. வளையும் தன்மை கொண்ட மூலக்கூறு. நீரில் சுருண்டு கிடக்கும் ஒன்றின்மீது துகளை ஒட்டினால், அது குறித்த இடத்தில் இருக்கிறது என்று எப்படிச் சொல்ல முடியும்? மேலும், பள்ளி ஆய்வகத்தில் எதையாவது செய்துகாட்ட முடியுமா?


மறுமொழி: பினாங்கு ஆய்வு மாணவன்

டீச்சர், இரட்டை இழை சுமார் 50 நானோமீட்டர் வரை, அதாவது 150 கார இணைகள் வரை, ஏறக்குறைய விறைப்பாகவே நிற்கும். அதற்கு மேல் நீண்டால்தான் வளைந்து நெளியும். குறுகிய இழையில் நீங்கள் அஞ்சும் தொல்லை இல்லை. ஆனால் அங்கே வேறொரு நுணுக்கம் உண்டு. 10.5 கார இணைகளுக்கு ஒரு முழுச் சுற்று என்ற கணக்கில் இழை முறுக்கியிருப்பதால், இரண்டு துகள்களுக்கு இடையே ஐந்து இணைகளைக் கூட்டினால் தொலைவு 1.7 நானோமீட்டர் கூடுவதோடு, இரண்டாவது துகள் இழையின் எதிர்ப்பக்கத்துக்கே போய்விடும். எத்தனை இணை என்பதைத் தேர்ந்தெடுக்கும்போது தொலைவையும் திசையையும் ஒருங்கே தேர்ந்தெடுக்கிறோம்.

நீளமான அமைப்புக்கு இழைகளைக் கற்றையாகக் கட்டி விறைப்பூட்ட வேண்டும். பின்னாளில் நியூயார்க் பல்கலைக்கழகத்தில் பணியாற்றிய நெட் சீமன், நான்கு கைகளோடு கிளைக்கும் டி.என்.ஏ. சந்திப்புகளைக் கொண்டு வலைப்பின்னல் கட்டலாம் என்று 1982-இலேயே எழுதிவிட்டார். 2006-இல் அமெரிக்காவின் கால்டெக் கல்வி நிறுவனத்தைச் சேர்ந்த பால் ரோத்மண்ட், எம்-13 வைரசின் ஏறத்தாழ ஏழாயிரம் காரங்கள் கொண்ட ஒற்றை இழையை இருநூற்றுக்கும் மேற்பட்ட குறு இழைகளால் ஆங்காங்கே தைத்து, 100 நானோமீட்டர் அளவில் விரும்பிய உருவத்தை மடித்துக் காட்டினார். சிரித்த முகம் ஒன்றையும் மடித்தார். எல்லாவற்றையும் மக்னீசியம் அயனி கலந்த நீரில் போட்டு, 95 பாகையிலிருந்து மெல்ல ஆறவிட்டால் உருவம் தானாகவே கூடுகிறது. ஒவ்வொரு குறு இழையும் அந்த உருவத்தில் ஒரு தனி முகவரி. சுமார் 6 நானோமீட்டருக்கு ஒரு முகவரி. வேண்டிய முகவரியில் உள்ள குறு இழையை மட்டும் நீட்டிவிட்டால், அதற்குப் பொருந்தும் இழையைப் பூட்டிய தங்கத் துகள் அங்கே வந்து அமரும்.

இதன் துல்லியத்துக்கு எனக்குப் பிடித்த சான்று, 2012-இல் மியூனிக்கின் லீடல் குழு வெளியிட்டது. 24 இரட்டை இழைகள் கொண்ட கற்றையைச் சுற்றி, 10 நானோமீட்டர் தங்கத் துகள்கள் ஒன்பதைத் திருகுப் படிக்கட்டு வடிவில் அமர்த்தினார்கள். இடப்புறம் திருகிய அமைப்பும் வலப்புறம் திருகிய அமைப்பும் வட்ட முனைவாக்கிய (இடமாகவோ வலமாகவோ சுழன்றபடி செல்லும்) ஒளியை எதிரெதிராக உட்கவர்ந்தன. துகள்கள் ஏனோதானோவென்று ஒட்டியிருந்தால் இந்த வேறுபாடு தோன்றியே இருக்காது.

கம்பியின் பருமன் சிக்கலுக்கும் இதே வழியில் விடை தேடுகிறார்கள். 2014 முதல், உள்ளீடற்ற டி.என்.ஏ. பெட்டிகளை வார்ப்பு அச்சாகச் செய்து, உள்ளே ஒரு சிறு தங்கத் துகளை விதையாக வைத்து, சுவர்கள் அனுமதிக்கும் வடிவில் மட்டும் வெள்ளியோ தங்கமோ வளரும்படி செய்திருக்கிறார்கள். அப்போது உலோகம் இழையின் வெளியே பருக்காமல் அச்சுக்குள்ளே அடங்குகிறது.


மறுமொழி: கூலிம் பொறியாளர்

இந்த வார்ப்பு முறையை நான் அறிந்திருக்கவில்லை, நன்றாக இருக்கிறது. ஒன்றைச் சேர்க்கிறேன். 2009-இல் ஐ.பி.எம். நிறுவனத்தின் அல்மடன் ஆய்வகமும் கால்டெக்கும் சேர்ந்து, ரோத்மண்ட் முறையில் மடித்த டி.என்.ஏ. முக்கோணங்களைத் தகட்டின்மீது ஒளிப்பொறிப்பு முறைகளால் வரைந்த ஒட்டும் பகுதிகளில் மட்டும் அமரச் செய்தார்கள். ஒளிப்பொறிப்பு பெரிய கட்டத்தை வரைகிறது, டி.என்.ஏ. அதற்குள் நுண்ணிய இடத்தைக் குறிக்கிறது. ஆசிரியை அவர்களே, உங்கள் மாணவனுக்கு இந்த எடுத்துக்காட்டையே சொல்லுங்கள். கணிப்பொறிச் சில்லில் இது வருமா என்பதில் எனக்கு நம்பிக்கை குறைவு. ஆனால் சில ஆயிரம் புள்ளிகள் மட்டுமே தேவைப்படும் உணரிகளிலும் ஒளிக் கருவிகளிலும் இது எடுபடும் என்று நினைக்கிறேன். அங்கே நூற்றில் பத்துப் புள்ளி பழுதானாலும் கருவி நின்றுவிடாது.


மறுமொழி: பினாங்கு ஆய்வு மாணவன்

செய்துகாட்டுவது பற்றி: டி.என்.ஏ. பூட்டிய தங்கத்தைப் பள்ளியில் தயாரிப்பது இயலாது, அதற்கான இழைகளைத் தனியே வரவழைக்க வேண்டும். ஆயத்தமான தங்கக் கூழ்மம் எங்காவது கிடைத்தால், அதில் ஒரு பங்கில் உப்பையும் மற்றொரு பங்கில் சர்க்கரையையும் போட்டுக் காட்டுங்கள். உப்பில் மட்டும் சிவப்பு நீலமாகும், மின்னூட்டத்தின் பங்கு மாணவர்களுக்கு அங்கேயே விளங்கிவிடும். பக்கத்தில் ரப்பர் பாலும் பார்மிக் அமிலமும் இருந்தால் ஐயாவின் கேள்வியும் மேசைக்கு வந்துவிடும்.

உலோகம் படிவதைக் காட்ட டோலன்ஸ் வெள்ளிக் கண்ணாடிச் சோதனையே போதும். கெரென் குழு டி.என்.ஏ.வின்மீது நிகழ்த்திய ஒடுக்கத்தை மாணவர்கள் கண்ணாடிக் குழாயின் சுவரில் பார்ப்பார்கள். குழாயைக் குழாய்த் தண்ணீரில் கழுவ வேண்டாம். அதிலுள்ள குளோரைடு வெள்ளியைப் பிடித்து வெண்மையாகக் கலங்கிவிடும். வெள்ளி படியவைக்கும் ஆய்வுகளில் டி.என்.ஏ.வின் தாங்கல் கரைசலைக்கூடக் குளோரைடு இல்லாமல் தயாரிப்பதும் இதற்காகத்தான். டோலன்ஸ் கரைசலை உரை நாளன்றே கலந்து, முடிந்ததும் நீர்த்த நைட்ரிக் அமிலம் சேர்த்து உடனே அப்புறப்படுத்திவிடுங்கள். மறுநாளுக்கு என்று எடுத்து வைத்தால் அதில் வெடிக்கக்கூடிய வெள்ளி நைட்ரைடு உருவாகும்.